இரண்டு படகுகளுக்கு இடையில்



2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் இருந்து 'எம்பிரஸ்' என்ற பெரிய உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பத்திரிகைகள் அதனைப் படத்துடன் வெளியிட்டிருந்தன. அந்த வாரம் நான் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். கூட்டம் தொடங்குவதற்கு முன்னர் அந்தப் பத்திரிகை கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. வயதில் மூத்த ஒரு அம்மா கேட்டார்:

"ஏன் பிள்ளை, இவை காலமை வந்து இறங்கிப் பின்னேரம் திரும்பக் கப்பல் ஏறீடுவினமாம். அந்த நேரத்துக்கை எங்கடை ஊரிலை எதைப் பார்ப்பினம்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்து ஒரு அக்கா சொன்னார்: "அவை ஏதோ பார்ப்பினம். நாங்கள் பிறந்ததிலை இருந்து இந்தத் தீவிலைதானே இருக்கிறம். நாங்கள் எதைப் பார்த்தனாங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்த இருபத்துநான்கு பேரில் பதினொரு பேர் கணவனை இழந்தவர்கள். மூன்று பேர் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளையோ கணவனையோ தேடிக்கொண்டிருப்பவர்கள். இவர்கள் எல்லோரும் ஊர் ஊராகப் போனவர்கள்தான். ஆனால் போனதெல்லாம் இடம்பெயர்ந்து. கடலில் போனதும் அப்படித்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளாலிக் கடலை இரவில் கடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். 2009 இல் மாத்தளனில் இருந்து வள்ளத்தில் வந்தவர்களும் இருந்தார்கள். பார்ப்பதற்காக ஒரு இடத்துக்குப் போய், பார்த்துவிட்டு, அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பி வருவது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று.

அன்று கூட்டத்தின் கடைசியில் ஒரு தீர்மானம் எடுத்தோம். ஒருநாள் நாங்களும் ஒரு தீவுக்குப் போய்வருவது. ஒவ்வொருவரும் மாதம் 300 ரூபாய் வீதம் சேர்ப்பது. எட்டு மாதத்தில் 57,600 ரூபாய் சேர்ந்தது. 2024 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுந்தீவுக்குப் போனோம். அந்த ஒரு நாளில் நாங்கள் கற்றுக்கொண்டதை இந்த மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கப்பல்காரர் செய்வது என்ன?

முதலில் அந்தப் பெரிய கப்பல்களில் வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். அவர்களிடம் நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடமும் உண்டு, எடுத்துக்கொள்ளக்கூடாத பாடமும் உண்டு.

உல்லாசக் கப்பல் ஒரு துறைமுகத்தில் பெரும்பாலும் சில மணித்தியாலங்கள்தான் தரித்து நிற்கும். இறங்கும்போதே எத்தனை மணிக்குத் திரும்பக் கப்பலில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். அந்த நேரம் கப்பல் புறப்படும் நேரத்துக்கு அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முந்தியதாக இருக்கும். கப்பல் நிறுவனமே ஒழுங்குசெய்த சுற்றுலாவில் போனவர்கள் பிந்தினால் கப்பல் பொதுவாகக் காத்து நிற்கும். தனியே போனவர்கள் பிந்தினால் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவில் போய்த்தான் ஏறவேண்டும். ஆகவே அனுபவப்பட்ட பயணிகள் ஒரு ஒழுங்கு வைத்திருப்பார்கள். தூரத்தில் உள்ள இடத்தை முதலில் பார்ப்பது, பிறகு படிப்படியாகத் துறைமுகத்தை நோக்கித் திரும்புவது. காங்கேசன்துறையில் இறங்குகின்றவருக்கு யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். கோட்டையையும் நூலகத்தையும் நல்லூரையும் முதலில் பார்த்துவிட்டு, துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள மாவிட்டபுரத்தையும் கீரிமலையையும் கடைசிக்கு வைத்துக்கொண்டால் மனப்பதற்றம் இல்லை. இது எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

எடுத்துக்கொள்ளக்கூடாத பாடம் வேறு. கப்பலில் வருகின்றவர்களுக்குச் சாப்பாடு கப்பலிலேயே கிடைக்கிறது. படுக்கையும் கப்பலிலேயே. ஆகவே ஆயிரம் பேர் ஒரு ஊரில் இறங்கி ஏறினாலும் அந்த ஊர்ச் சமையல்காரிக்கும் பாய் பின்னுகின்றவளுக்கும் போய்ச்சேருவது மிகக் குறைவு. இப்படியான கப்பல்கள் வருகின்ற உலகத்தின் பல தீவுகளில் இந்தக் குறை பேசப்படுகிறது. வந்தவர் படம் எடுத்தார், போனார். ஊருக்கு மிஞ்சியது குப்பை.

நாங்கள் நெடுந்தீவுக்குப் போகும்போது அந்த ஊர்ப் பெண்களுக்கு நாங்களும் அப்படித்தான் இருக்கப்போகிறோமா என்று கூட்டத்தில் கேட்டேன். "நாங்கள் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போகாமல் விட்டால் சரிதானே" என்றார் ஒருவர். அது நல்ல யோசனையாகப் பட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னரே அங்குள்ள ஒரு மாதர் சங்கத்துடன் தொலைபேசியில் கதைத்து இருபத்துநான்கு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு சொல்லிவைத்தோம்.

போவதா, விடுவதா?

பணம் சேர்ப்பது கூடச் சுலபமாக இருந்தது. மனதை ஆயத்தப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் இரண்டு பேர் தாங்கள் வரவில்லை என்றார்கள்.

ஒருவர் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். "புருசன் இல்லாதவள் உல்லாசம் போறாளாம் எண்டு சொல்லுவினம். எனக்கு ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்கு. நாளைக்கு அவளுக்குத்தான் கதை வரும்" என்றார். அவருக்கு நான் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. அவருடைய மாமியார்தான் காரியத்தை முடித்தார். "நானும் வாறன். மாமியும் மருமகளும் சேர்ந்து போனால் எவள் கதைக்கிறாள் எண்டு பார்ப்பம்" என்று சொல்லிவிட்டார்.

மற்றவர் மகனைத் தேடுகின்ற ஒரு அம்மா. அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. "பிள்ளை எங்கை எண்டு தெரியாமல் இருக்கிற நான், எப்பிடிச் சிரிச்சுக்கொண்டு போட்டிலை போறது?"

நான் சமூகவியல் படித்தவள். துயரம் பற்றியும் குற்ற உணர்ச்சி பற்றியும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். அந்த அம்மாவின் முன்னால் அதில் ஒரு வரி கூட உதவவில்லை. "சிரிக்க வேண்டாம் அம்மா. வந்து சும்மா இருங்கோ. போதும்" என்று மட்டும் சொன்னேன். புறப்படும் நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பஸ் வந்தபோது அவர் ஒரு பையுடன் வீதியில் நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

குறிகட்டுவானில் இருந்து

பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகவேண்டும். இரண்டு பக்கமும் கடலாக இருக்கும் அந்த வீதியில் போகும்போதே பலர் யன்னல் பக்கம் எழுந்து வந்துவிட்டார்கள். குறிகட்டுவானில் பயணிகள் இரண்டாகப் பிரிவார்கள். நயினாதீவுக்குப் போகின்றவர்கள் அதிகம். அது கிட்டவுள்ளது, நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டு விரைவாகத் திரும்பலாம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் போகவேண்டும்.

எங்களுடன் வந்தவர்களில் ஒரு அக்கா நெடுந்தீவிலே பிறந்தவர். இளம் வயதில் வன்னிக்குத் திருமணம் செய்து போனவர். பிறகு யுத்தம், இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம் என்று முப்பது வருடத்துக்கு மேலாகப் பிறந்த ஊரைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. எங்கே குதிரை நிற்கும், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இறங்குதுறையில் யாரோ 'குமுதினி' என்ற பெயரைச் சொன்னதும் அவருடைய பேச்சு நின்றுவிட்டது.

இளம் வாசகிகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். குமுதினி என்பது நெடுந்தீவு மக்களுக்குப் போக்குவரத்தாக இருந்த படகு. 1985 ஆம் ஆண்டு மே 15 ஆம் திகதி நெடுந்தீவில் இருந்து புறப்பட்ட அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதில் பயணம் செய்த பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவு மாவிலித்துறையில் அவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் உறவுகள் அங்கே விளக்கேற்றுகிறார்கள்.

படகில் எல்லோருக்கும் பாதுகாப்பு அங்கி தந்தார்கள். சிலர் அது வெக்கையாக இருக்கிறது என்று கழற்றப் பார்த்தார்கள். நெடுந்தீவு அக்கா சத்தமாகச் சொன்னார்: "கழட்டாதையுங்கோ. இது விளையாட்டுக் கடல் இல்லை." அதற்குப் பிறகு ஒருவரும் கழற்றவில்லை.

மாவிலித்துறையில் இறங்கியதும் எங்களுடைய முதல் வேலை அந்த நினைவிடத்தில் சிறிது நேரம் நின்றது. பட்டியலில் இல்லாத வேலை அது. ஆனால் அதைக் கடந்து நேரே குதிரை பார்க்கப் போக எங்கள் ஒருவருக்கும் கால் வரவில்லை.

நான் செய்த பிழை

இறங்கியவுடன் திரும்பும் படகின் நேரத்தை இருவரிடம் விசாரித்தேன். எங்களுக்குக் கிடைத்தது நான்கு மணித்தியாலமும் சில நிமிடங்களும். அந்தப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். ஆகவே படகு புறப்படுவதற்கு முக்கால் மணித்தியாலம் முன்னதாக எல்லோரும் இறங்குதுறையில் நிற்கவேண்டும் என்று தீர்மானித்தோம். இதுவரை எல்லாம் சரி.

அதன் பிறகு நான் செய்ததுதான் பிழை. இரண்டு பட்டா வாகனங்களைப் பிடித்தோம். சாரதித் தம்பி, "அக்கா, மொத்தம் ஒன்பது இடம். வேகமா இறங்கி ஏறினால் எல்லாம் பார்க்கலாம்" என்றார். நான் ஆசைப்பட்டுவிட்டேன். எட்டு மாதம் காசு சேர்த்து வந்திருக்கிறார்கள், ஒன்றையும் விடக்கூடாது என்று நினைத்தேன். கையில் கடதாசியும் பேனாவுமாக, "ஏறுங்கோ, ஏறுங்கோ" என்று எல்லோரையும் துரத்தத் தொடங்கினேன்.

தெற்குக் கரையில் உள்ள குவிந்தா கோபுரத்துக்கு முதலில் போனோம். பழைய காலத்தில் கப்பல்களுக்கு அடையாளமாகக் கட்டப்பட்டது அது. போகும் வீதி குண்டும் குழியும். புழுதி. இறங்கிப் படம் எடுத்து ஏறினோம். பிறகு வளரும் கல். அதுவும் இறங்கி ஏறினது. மூன்றாவதாகப் பெருக்கமரம். ஆபிரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தை முற்காலத்தில் அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். மன்னார் பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரத்தைப் பார்த்த சகோதரிகளுக்கு இது எப்படி இருக்கும் என்று விளங்கும். நெடுந்தீவு மரத்தின் அடியில் ஆள் நுழையக்கூடிய பொந்து இருக்கிறது.

அங்கே எங்கள் குழுவில் உள்ள ஒருவர் அந்தப் பொந்துக்குள் போய் இருந்துவிட்டார். அவர் எட்டு முறை வீடு மாறியவர். நான் வெளியே நின்று மணிக்கூட்டைப் பார்த்தபடி கூப்பிட்டேன். உள்ளே இருந்து மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை. இதுக்குள்ளை குளிரா இருக்கு. ஒரு சத்தமும் இல்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தேன். "இனி எங்கே போவது, எங்கே இருப்பது என்று நீங்களே சொல்லுங்கோ" என்றேன். இரண்டு இடம் போதும் என்றார்கள். கோட்டையும் குதிரையும்.

கல்லும் குதிரையும்

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பளவு கொண்டது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இந்தத் தீவுக்குத் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரான டெல்வ்ற் என்பதைச் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அந்தப் பெயர்தான். எங்கு பார்த்தாலும் முருகைக்கல் வேலிகள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லுக்கு மேல் கல்லை அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எத்தனையோ காற்றுக்கும் மழைக்கும் நிற்கிறது. மீகாமன் கோட்டை என்று அழைக்கப்படும் இடிந்த கோட்டையும் அதே முருகைக்கல்தான். அதன் கிட்டவே பழைய புறாக்கூடும் இருக்கிறது. செய்தி அனுப்புவதற்குப் புறா வளர்த்த இடம் என்கிறார்கள்.

எங்கள் பெண்களில் பலர் மேசன் வேலைக்குக் கல் சுமந்தவர்கள். அவர்கள் கோட்டைச் சுவரைப் பார்த்த விதமே வேறு. "இதை அடுக்கினது ஆர்? கல்லுச் சுமந்த பொம்பிளையளும் இருந்திருப்பினம் என்ன?" என்று ஒருவர் கேட்டார். புத்தகங்களில் கோட்டையைக் கட்டுவித்தவர்களின் பெயர்தான் வருகிறது. கல் சுமந்தவர்களின் பெயர் வருவதில்லை. ஒரு நல்ல வரலாற்று மாணவி கேட்கவேண்டிய கேள்வியை அவர் கேட்டார்.

குதிரைகளை மேற்குப் பக்க வெளியில் கண்டோம். கட்டையான சிறிய குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டவை, ஒல்லாந்தர் வளர்த்தவை என்று சொல்லப்படுகிறது. இப்போது அவற்றுக்கு உரிமையாளர் இல்லை. வரட்சிக் காலத்தில் தண்ணீர் இல்லாமல் பல குதிரைகள் இறந்துபோயிருக்கின்றன. பார்க்கும்போது சுதந்திரமாகத் திரிவதாகத் தெரிகிறது. ஆனால் கொண்டுவந்தவர்கள் போய்விட, விடப்பட்ட இடத்திலேயே பிழைத்துக்கொண்ட சீவன்கள் அவை. எங்கள் பெண்கள் கிட்டப் போகவில்லை. தூரத்தில் வரம்பில் இருந்து நெடுநேரம் பார்த்தார்கள். மாமியும் மருமகளும் ஒரு குடைக்குக் கீழே இருந்தார்கள்.

கிணற்றடி

இந்த நேரம் முழுவதும் நெடுந்தீவு அக்கா எங்களுடன் இல்லை. நினைவிடத்தில் நின்றபோதே அவர் என்னிடம் வந்தார். "தங்கச்சி, நான் குதிரை கண்டனான்தானே. என்னை எங்கடை வளவிலை விட்டிட்டுப் போங்கோ. திரும்பி வரேக்கை ஏத்துங்கோ" என்றார். தனியே ஒருவரும் நிற்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. யார் துணைக்கு நிற்பது என்று கேட்டேன். குதிரையைப் பார்க்காமல் விட யாருக்கு விருப்பம்? மகனைத் தேடுகின்ற அம்மா, "நான் நிக்கிறன்" என்றார்.

திரும்பி வந்தபோது இருவரும் கிணற்றுக் கட்டில் இருந்தார்கள். வீடு இல்லை. கூரை விழுந்து, சுவரில் இடுப்பளவு மட்டும் மிஞ்சியிருந்தது. வேலி அப்படியே நின்றது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. இருவருடைய முகமும் கழுவியிருந்தது. கண் சிவந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

"என்ன கதைச்சனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒண்டும் கதைக்கேல்லை" என்றார் அந்த அம்மா. "அவ தண்ணி அள்ளினா. நான் வாங்கி முகம் கழுவினன். பிறகு நான் அள்ளினன். அவ கழுவினா."

"உவர்த் தண்ணி" என்றார் நெடுந்தீவு அக்கா. "நாங்கள் சின்னனிலை இதைக் குடிக்க மாட்டம். இண்டைக்கு ஒரு வாளி குடிச்சிட்டன்."

இரண்டரை மணித்தியாலத்தில் நாங்கள் ஐந்து இடம் பார்த்தோம். அவர்கள் ஒரு கிணறு பார்த்தார்கள். யார் அதிகம் பார்த்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசிப் படகு

மத்தியானம் மாதர் சங்கத்துப் பெண்கள் சமைத்து வைத்திருந்தார்கள். சோறு, மீன் குழம்பு, கீரை, மிளகாய்ப் பொரியல். பனையோலைப் பெட்டிகளும் ஒடியலும் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். சாப்பிட்ட பிறகு அவர்களும் எங்களுடன் வந்து இருந்தார்கள். நாங்கள் எங்கள் கதையைச் சொன்னோம். அவர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். கோடையில் குடிதண்ணீருக்குப் படும் பாடு. கடுமையான நோயாளியைக் கடல் கடந்து கொண்டுபோகும் பாடு. பிள்ளைப்பேற்று நாள் நெருங்கும்போது முன்கூட்டியே யாழ்ப்பாணத்துக்கு வந்து உறவினர் வீட்டில் தங்க வேண்டிய நிலை.

நான் இடையிடையே மணிக்கூட்டைப் பார்ப்பதை அவர்களில் ஒருவர் கவனித்துவிட்டார். சிரித்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் ஒரு நாளைக்குக் கடைசிப் போட்டைப் பார்க்கிறியள் அக்கா. நாங்கள் சீவியம் முழுக்கப் பார்க்கிறம்."

அதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். சில மணித்தியாலத்துக்கு ஒரு தீவில் இறங்குகின்றவருக்குப் படகு நேரம் ஒரு சிறு பதற்றம். அங்கேயே வாழ்கின்றவளுக்கு அதுதான் பிள்ளையின் படிப்பு, நோயாளியின் உயிர், சந்தைக்குப் போகும் மீனின் விலை. இதைக் கேட்டு அறியாமல் திரும்பியிருந்தால் நாங்கள் கல்லையும் மரத்தையும் மட்டும்தான் பார்த்திருப்போம்.

சொன்ன நேரத்துக்கு இறங்குதுறையில் நின்றோம். ஓலைப்பெட்டி வாங்கப் போன இருவர் மட்டும் ஓடிவந்து சேர்ந்தார்கள். திரும்பும் படகில் யாரோ ஒருவர் மெல்லப் பாடத் தொடங்கினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மகனைத் தேடும் அம்மா பாடவில்லை. ஆனால் காதைப் பொத்தவும் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். குறிகட்டுவானில் இறங்கும்போது என்னிடம், "அடுத்த முறை எங்கை?" என்று கேட்டார்.

நீங்களும் போய்வர

உங்கள் சங்கமும் இப்படி ஒரு பயணத்தை ஒழுங்குசெய்யலாம். நெடுந்தீவுதான் என்றில்லை. நயினாதீவாக இருக்கலாம், மன்னாராக இருக்கலாம், திருகோணமலையாக இருக்கலாம். எங்கள் அனுபவத்தில் இருந்து சில குறிப்புகள்:

1. மாதாமாதம் சிறு தொகையாகச் சேருங்கள். பயணத்துக்காகக் கடன் எடுக்க வேண்டாம். சங்கத்தின் சுழற்சி நிதியில் கை வைக்கவும் வேண்டாம்.

2. கடல் அமைதியாக இருக்கும் காலத்தைத் தெரிவுசெய்யுங்கள். மாசி, பங்குனி மாதங்களில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் கடுமையாக வீசும் காலங்களைத் தவிருங்கள். முதல் நாளே காலநிலையை விசாரியுங்கள்.

3. இறங்கியவுடன் திரும்பும் படகின் நேரத்தைக் கேளுங்கள். ஒருவரிடம் அல்ல, இருவரிடம். படகு நேரங்கள் மாறக்கூடியவை. அரை மணித்தியாலத்துக்கு மேல் முன்னதாகக் கூடும் நேரத்தை வையுங்கள்.

4. தூரத்து இடத்தை முதலில் பாருங்கள். கிட்டவுள்ளதைக் கடைசிக்கு வையுங்கள். இரண்டு அல்லது மூன்று இடம் போதும்.

5. பாதுகாப்பு அங்கியைக் கடைசி வரை கழற்ற வேண்டாம். படகில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினால் ஏற வேண்டாம். அடுத்த படகு வரும்.

6. குடிதண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். தீவுகளில் நல்ல தண்ணீர் அருமை. வெற்றுப் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

7. அடையாள அட்டை, வழமையாக எடுக்கும் மருந்து, குடை அல்லது தொப்பி, வாந்தி வருபவர்களுக்குத் தேசிக்காய், மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையானவை ஆகியவற்றை மறக்க வேண்டாம்.

8. ஒரு வேளைச் சாப்பாட்டையாவது அந்த ஊர்ப் பெண்களிடம் சொல்லிவைத்துச் சாப்பிடுங்கள். ஒரு பொருளையாவது செய்தவளின் கையில் இருந்து வாங்குங்கள். விலை பேசி அடிக்காதீர்கள். எங்கள் உழைப்புக்கு மற்றவர் விலை குறைத்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

9. சும்மா இருக்க விரும்புகின்றவர்களைச் சும்மா இருக்க விடுங்கள். துணைக்கு ஒருவரை விட்டால் போதும்.

இந்தக் கடைசிக் குறிப்பு எனக்கு நானே எழுதிக்கொண்டது. நாங்கள் பட்ட இழப்புகளை ஒரு நாள் பயணம் மாற்றிவிடாது. போனவர்கள் வரமாட்டார்கள். தேடுகின்றவர்களுக்குப் பதில் கிடைத்துவிடாது. கடன்காரரும் அடுத்த நாள் வீட்டுக்கு வருவார். ஆனால் வீடு, வேலை, கச்சேரி, நீதிமன்றம், வங்கி என்று ஓடுகின்ற ஒரு பெண்ணுக்கு, யாரும் எதுவும் கேட்காத நான்கு மணித்தியாலம் சொந்தமாக இருக்கலாம். அது குற்றமும் இல்லை, ஆடம்பரமும் இல்லை.

அந்தச் சங்கத்துப் பெண்கள் மறுபடியும் தகரப் பேணியில் 300 ரூபாய் வீதம் போடத் தொடங்கினார்கள். அடுத்த இடம் எது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை நடந்தது. அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு மிகவும் விருப்பமாக இருந்தது.

உங்கள் சங்கம் எங்கே போய் வந்தது என்று எழுதுங்கள் சகோதரிகளே. அடுத்த மாதம் சந்திப்போம்.